ருசி பார்த்து விற்ற ராஜா முகம்மதும் அவருடைய ஈறும்

உத்தமபாளையம் ராஜா முகம்மது விற்கும் சரக்கை முதலில் தின்பவர் ராஜா முகம்மதுதான். அது அவருடைய தொழில் தர்மம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிஸ்கட்டும் பன்னும் சிப்ஸும் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பெட்டியை இறக்குவார்கள், பில்லை நீட்டுவார்கள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களெல்லாம் சுமைகூலிகள், வியாபாரிகள் அல்ல என்பது ராஜா முகம்மதின் தீர்ப்பு. அவர் கடைக்காரரின் கண்ணெதிரே பாக்கெட்டைப் பிரிப்பார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். கடைக்காரர், பக்கத்தில் நிற்கிறவர், சாமான் வாங்க வந்தவர் என்று எல்லோரும் காத்திருக்க வேண்டும். மென்று விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து, "ஏ ஒன்!" என்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி இறங்கும்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. அவரும் பெரிய மனசு பண்ணிப் பள்ளிக்கூடத்தை மன்னித்துவிட்டார். சைக்கிள் கேரியரில் ரொட்டித் தகரத்தைக் கட்டிக்கொண்டு கோம்பை, தேவாரம் என்று மிதித்தவர், படிப்படியாக மொபெட்டுக்கும் வேனுக்கும் ஏறினார். தொண்ணூற்றாறில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று இந்தப் பக்கத்துக்கு ஏஜென்சி கொடுக்க ஆள் தேடியது. பட்டம் வாங்கிய பையன்கள் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஃபைலோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்களாம். இவர் வேட்டியோடு போனாராம். மானேஜர், "உங்க தகுதி என்ன?" என்று கேட்டதும், மேஜைமேல் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்து, "டால்டா காறிப்போச்சு சார், மாத்துங்க" என்றாராம். மானேஜர் எழுந்து நின்று கைகொடுத்தாராம். இந்தக் கதைக்குச் சாட்சி அவர் ஒருவர்தான். ஆனாலும் ஏஜென்சி அவருக்குக் கிடைத்தது என்பது பள்ளத்தாக்கே அறிந்த உண்மை. உழைத்து மேலே வந்தவனுக்குச் சாட்சி எதற்கு? வீடு இருக்கிறது, வேன் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பெருமை இரண்டு. ஒன்று நாக்கு. இன்னொன்று பல். கலர் சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே கழற்றுவார். திறப்பான் தேடுகிறவனைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். "என் பல்லு ஒவ்வொண்ணும் திராட்சைப் பந்தலுக்கு ஊண்டுன கல்லுக்கால்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உதட்டைத் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் பிரியாணியை விட்டுவிட்டு அதைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்று வாக்கில், ஒருநாள் வீட்டில் கொய்யாக்காயைக் கடித்தார். கடித்த இடத்தில் வெள்ளைச் சதையில் சிவப்பாக ஒரு கோடு. அவர் மனைவி சுபைதாதான் முதலில் பார்த்தார்.

"என்னங்க, ரத்தம்."

ராஜா முகம்மது கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு யார் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "காயி சரியில்ல. கல்லு மாதிரி இருக்கு. ஈறுல குத்திருச்சு" என்றார்.

அன்றோடு வீட்டில் கொய்யா தடை செய்யப்பட்டது. அடுத்து மக்காச்சோளக் கதிரில் ரத்தம் வந்தது, கதிரும் தள்ளிவைக்கப்பட்டது. வறுத்த கடலை, கேரட், கரும்பு என்று ஒவ்வொன்றாக விசாரணைக்கு வந்து குற்றம் நிரூபிக்கப்பட்டு வெளியே போயின. கடைசியில் பிரஷ்ஷிலும் ரத்தம் வந்தது. பிரஷ்தான் இத்தனைக்கும் காரணம் என்று கண்டுபிடித்து அதையும் தூக்கி எறிந்தார். விரலில் பொடியைத் தொட்டு, கைக்குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி இரண்டு தடவு, ஒரு கொப்புளிப்பு. முடிந்தது. நொந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிற நுணுக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்!

ஈறு நோகாமல் இருக்கச் சாப்பாட்டையும் மெத்தென்று மாற்றிக்கொண்டார். காலையில் டீயில் நனைத்த கிரீம் பன். கோம்பை போய்ச் சேரும்போது தொழில் நிமித்தம் கிரீம் பிஸ்கட். பண்ணைப்புரத்தில் கேக். தேவாரத்தில் சிப்ஸ். மத்தியானம் சோற்றுக்குப் பதிலாகக் குழைய வேகவைத்த நூடுல்ஸ், அதுவும் சொந்த ஏஜென்சிச் சரக்கு. திரும்பி வரும் வழியில் ஜெல்லி மிட்டாய். இடையில் கலர். காலையில் திறந்த வாய் ராத்திரி இஷா தொழுகைவரை சும்மா இருக்காது. "சோத்தையே குறைச்சுட்டேன். டாக்டரு சொல்றதுக்கு முந்தியே நான் குறைச்சுட்டேன்" என்று இதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தார்.

சுபைதா வாய் சும்மா இருக்கிற ரகம் அல்ல.

"கொய்யா குத்துது, கடலை குத்துது. அந்தச் சிப்ஸு மட்டும் குத்தாம உங்களுக்கு முத்தங் குடுக்குதாக்கும்?"

"அது தொழிலு சுபைதா. தொழிலப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"தொழிலு தெரியாது. வாய் நாறுறது தெரியும்."

ஈறு வீங்கிச் சிவந்து நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. பேசும்போது கடைக்காரர்கள் ஓர் அடி பின்னால் போய் நின்றார்கள். பண்ணைப்புரம் பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருந்த மாயக்காள், இவர் வேனைக் கண்டாலே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விடுவாள். மரியாதை தெரிந்த பொம்பளை என்று ராஜா முகம்மது எடுத்துக்கொண்டார். வளர்ந்த மனுஷனுக்கு ஊர் கொடுக்கிற இடைவெளி என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் அவர் தொழில் தர்மத்துக்கு விடுமுறை. பகலில் வாயில் ஒன்றும் படக்கூடாது. வேன் போகும், பெட்டி இறங்கும், ருசி மட்டும் கிடையாது. ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் மிஸ்வாக் குச்சியால் பல் தேய்ப்பார். நோன்பில் அதில் குறை வைக்கமாட்டார். முதல் சில நாள் குச்சியில் ரத்தம் தெரியும். மாதம் பாதியாகும்போது குறையும். பெருநாளைக்குப் புதுச்சட்டை போட்டு நிற்கும்போது ஈறு கெட்டியாகி, ரத்தம் சுத்தமாக நின்றிருக்கும்.

எவனாயிருந்தாலும் இங்கே கொஞ்சம் யோசித்திருப்பான். ராஜா முகம்மதும் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். ஒரு மாதமாக நோன்பு திறக்கும்போது குடித்தது என்ன? கஞ்சி. கஞ்சி எப்படி இருக்கும்? மெத்தென்று இருக்கும். ஆக, ஈறை ஆற்றியது நோன்புக் கஞ்சி. மெத்தென்ற சாப்பாடுதான் மருந்து என்று இவ்வளவு காலம் தான் சொல்லி வந்தது அல்லாஹ்வின் கிருபையால் நிரூபணமாகிவிட்டது.

பெருநாள் முடிந்ததும் மிஸ்வாக் அலமாரிக்குப் போனது. வீட்டில் தினமும் கஞ்சி காய்ச்சச் சொன்னார். அதோடு மெத்தென்ற பன், மெத்தென்ற கேக், மெத்தென்ற கிரீம் எல்லாம் இரண்டு மடங்காக ஏறின. கொஞ்ச நாளில் ரத்தம் திரும்பி வந்தது.

"பள்ளிவாசல் கஞ்சியில இருக்குற பக்குவம் ஓன் கஞ்சியில இல்ல" என்றார் சுபைதாவிடம்.

"ஆமா. பள்ளிவாசல் அண்டாவத் தூக்கிட்டு வந்து அடுப்புல வைக்கிறேன், பல்லு முளைக்கும்."

இப்படியே வருஷா வருஷம் நடந்தது. நோன்பில் ஆறும், பெருநாள் கழிந்ததும் புண்ணாகும், பழி சுபைதாவின் கஞ்சிமேல் விழும். தேனிக்குப் போய்ப் பல் டாக்டரைப் பாருங்கள் என்று சுபைதா சொல்லாத நாளில்லை. ராஜா முகம்மது அசையவில்லை. "போனா சுரண்டுவாய்ங்க. சின்னமனூருல ஒருத்தன் சுரண்டப் போயி பல்லு பூராம் ஆடிப்போச்சு. சும்மா இருக்குற பல்ல ஆட்டிவிட்டு, அப்புறம் கட்டுறதுக்குக் காசு. இந்தத் தொழில் ரகசியம் எனக்குத் தெரியாதா?"

இரண்டாயிரத்து ஆறில் கம்பெனி ஒரு புதுச் சரக்கு இறக்கியது. மேலே சாக்லேட், உள்ளே இழுத்தால் நூல் விடுகிற சர்க்கரைப் பாகு. பளபளவென்று உறை. மாயக்காள் கடையில் பள்ளிக்கூடம் விட்ட நேரம், நல்ல கூட்டம். ராஜா முகம்மதுக்குக் கூட்டம் என்றால் பிடிக்கும். உறையைப் பிரித்தார், திருப்பிப் பார்த்தார், முன்பல்லால் ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினார். பிறகு மிட்டாயை இழுத்தார்.

மிட்டாய் வந்தது. அதோடு கீழ்வரிசை முன்பல் ஒன்றும் வந்தது. பாகுக்குள் நட்டமாக நின்றது.

வலியே இல்லை. அதனால் அவருக்கு உடனே விளங்கவில்லை. பழக்க தோஷத்தில் கண்ணைத் திறந்து "ஏ ஒன்!" என்றார். காற்றுதான் அதிகமாக வந்தது.

மாயக்காள் முந்தானையை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"ஏ ஆத்தே! பாய், போன தடவ சிப்ஸுக்குள்ள மோதிரம் ப்ரீயா வச்சாக. இந்தத் தடவ பல்லா?"

கடையே சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தன. எல்லா மிட்டாயிலும் பல் இருக்குமா என்று ஒரு வாண்டு கேட்டது. ராஜா முகம்மது பல்லை மிட்டாயோடு சேர்த்து உறையில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாயக்காள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"கொப்புளிங்க. வெளையாட்டு இல்ல பாய். எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான் ஒண்ணு விழுந்துச்சு. அதுக்கப்புறம் சரஞ்சரமா விழுந்துச்சு. போயி வைத்தியம் பாருங்க."

வேனில் ஏறிக் கண்ணாடியில் பார்த்தார். விழுந்த பல்லுக்கு இரண்டு பக்கமும் இருந்த பற்களை நாக்கால் தள்ளினார். தள்ளிய பக்கம் சாய்ந்தன. கேட்டில் நிற்கிற கூர்க்கா மாதிரி நின்ற பற்கள், கள்ளுக்கடை வாசலில் நிற்கிற ஆளைப் போல நின்றன.

அவர் கவலைப்பட்டது அழகுக்காக அல்ல. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அழகை வைத்து என்ன செய்ய? பல் போனால் கடிக்க முடியாது. கடிக்க முடியாவிட்டால் ருசி பார்க்க முடியாது. ருசி பார்க்காமல் பெட்டியை இறக்கினால் அவரும் ஒரு சுமைகூலி. சைக்கிளில் மிதித்து ஏறிய அத்தனை மேடும் இரண்டு பல்லின் ஆட்டத்தில் வந்து நின்றது. அதை நினைத்தபோதுதான் வீட்டுக்குப் போய், "சுபைதா, நாளைக்குத் தேனிக்குப் போவோம்" என்றார். சுபைதா காரணம் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்ததுமே காரணம் தெரிந்தது.

தேனியில் பல் டாக்டர் பெயர் செல்வமணி. இளவயது. ராஜா முகம்மதின் பார்வையில் அவர் டாக்டரே அல்ல, டாக்டர் வேஷம் போட்ட பையன். டாக்டர் விளக்கைத் திருப்பி வாயைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா ஈறுல ரத்தம் வருது பாய்?"

"ஈறுல ஒண்ணுமில்ல சார். கொய்யாக்காய் குத்துச்சு."

"எப்ப?"

"அது ஆச்சு அஞ்சு வருஷம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். பிறகு ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ராஜா முகம்மதுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பன்னில் ஆரம்பித்து ஊர் ஊராக, சரக்குச் சரக்காக, கம்பெனி மீட்டிங்கில் பேசுகிற மாதிரி சொல்லி முடித்தார்.

"சோறு தின்னா வேல முடிஞ்சதுன்னு எந்திரிச்சுருவோம். நீங்க நாள் பூராம் எந்திரிக்கவே இல்லையே பாய்!" என்றார் டாக்டர். "இந்த மாவும் சர்க்கரையும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பசை மாதிரி போயி ஒட்டிக்கிரும். மெத்துனு இருக்கறதால மெல்லும்போது உரசிக் கழண்டும் போகாது. அதத் தின்னு கிருமி பெருகும். ஈறு வீங்கி ரத்தம் வரும். ரத்தம் வருதுன்னு நீங்க பிரஷ்ஷ நிறுத்துனீங்க. அது வெந்நீர்ப் பானையில உப்புப் படியற மாதிரி காரையாப் படிஞ்சு, ஈறைக் கீழ தள்ளிருச்சு. கொய்யாக்காய் பாவம், அது உங்களுக்குத் தகவல்தான் சொல்லுச்சு."

"என் பல்லு பந்தக் கல்லு மாதிரி சார்."

"கல்லு நல்ல கல்லுதான். சுத்தி இருக்குற மண்ணு அரிச்சுப் போயிட்டா எந்தக் கல்லு நிக்கும்?"

பந்தல் போட்டவன் எவனும் இதை ஒத்துக்கொள்வான். ஆனாலும் ராஜா முகம்மதிடம் ஒரு துருப்பு மிச்சமிருந்தது. "நோன்புல சரியாகுதே சார்? கஞ்சி குடிச்சா ரத்தம் நின்னுருதே?"

டாக்டர் வாயைத் திறக்குமுன் சுபைதா திறந்தார்.

"நானும் நாலஞ்சு வருஷமா கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி வசவு வாங்குறேன். சார், நோன்புல இவுக பகல்ல சரக்க வாயில வைக்க மாட்டாக. அஞ்சு வேளையும் குச்சி போட்டுத் தேய்ப்பாக. இது ஆத்துச்சா, கஞ்சி ஆத்துச்சா, நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சுபைதாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

பிறகு விஷயத்தை ராஜா முகம்மதிடம் உடைத்துச் சொன்னார். போனது போனதுதான். ஆடுகிற பற்களைச் சுத்தம் செய்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பல்லோடு கட்டினால் ஈறு இறுகிப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஊர் ஊராக ருசி பார்ப்பது அன்றோடு நிற்க வேண்டும்.

"மென்னுட்டுத் துப்பிர்றேன் சார்."

"துப்புனாலும் ஒட்டுறது ஒட்டத்தான் செய்யும்."

"வெள்ளிக்கிழமை மட்டும்?"

"பாய், எங்கிட்ட என்ன ரேட்டா பேசுறீங்க?"

ருசி பார்க்கப் பல் வேண்டும். பல் வேண்டுமானால் ருசி பார்க்கக்கூடாது. நாலாம் வகுப்புக் கணக்கில் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. ராஜா முகம்மது கூரையைப் பார்த்தார், சுபைதாவைப் பார்த்தார், கடைசியில் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

காரையைச் சுரண்டி எடுத்த அன்று பற்கள் முன்னைவிட ஆடுகிற மாதிரி இருந்தது. "பாத்தியா, சொன்னேன்ல!" என்று சுபைதாவிடம் சொல்லி எழுந்துவிட்டார். காரைதான் இத்தனை நாள் முட்டுக் கொடுத்து நின்றது, இனி ஈறு பிடிக்கும் என்று டாக்டர் உட்காரவைத்தார். கம்பி கட்டினார். காலையும் ராத்திரியும் மெத்தென்ற பிரஷ், நோன்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிஸ்வாக், சாப்பாட்டு வேளை தவிர வாய்க்குப் பூட்டு.

பூட்டிய வாயோடு முதல் தடவை பண்ணைப்புரம் போனபோது, மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவருக்கு அப்படிப் படபடத்ததில்லை. பெட்டியை மாயக்காள் முன்னால் வைத்தார். பிரிக்கவில்லை.

"மாயக்கா, வைத்தியர் வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னுட்டாரு. இந்தச் சரக்க நான் தின்னு பாக்கல. ஒனக்கு நம்பிக்கை இல்லேன்னா வேணாம். திருப்பி எடுத்துக்கிறேன்."

மாயக்காள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எதுக்கு நம்பிக்கை? கம்பெனி மெஷின்ல போட்டு ஒட்டி அனுப்புது. எல்லாப் பாக்கெட்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு? அந்தப் பக்கட்டு அடுக்குங்க."

"அப்ப இத்தன வருஷம் நான் தின்னு காட்டுனது?"

"நீங்க பசியில திங்கிறீகன்னுல்ல நெனச்சேன்!"

பல் விழுந்தபோது வலிக்காத மனுஷனுக்கு இது வலித்தது. வேனில் ஏறி, மற்ற ஊரிலாவது தன் அருமை தெரிந்திருக்கும் என்று தேவாரம் போனார். அங்கேயும் பெட்டி இறங்கியது. கோம்பையில் இறங்கியது. ஏன் பாய் இன்றைக்கு ருசி பார்க்கவில்லை என்று கேட்க ஒரு நாதி இல்லை. நோன்பு மாதங்களில் வியாபாரம் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் வியாபாரத்தை இத்தனை காலம் தாங்கிப் பிடித்த வாயை மூடிய பிறகும் பள்ளத்தாக்கு அப்படியே இருந்தது. இரண்டு மூன்று நாள் அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சுபைதாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் வாயைப் பூட்டியது பூட்டியதுதான். ரோஷக்காரர். பையன் டாக்டரிடம் தோற்கக்கூடாது என்கிற வீம்பு பாதி, ஆடுகிற பல்லின் பயம் பாதி. மாசக்கணக்கில் தேனிக்குப் போய் வந்தார். ஈறு நாவல்பழ நிறத்திலிருந்து இறங்கி இளஞ்சிவப்புக்கு வந்தது. ரத்தம் நின்றது. ஒருநாள் டாக்டர் கம்பியைத் தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, "பிடிச்சிருச்சு பாய். தப்பிச்சீங்க" என்றார்.

அவ்வளவுதான். வந்தாரே பழைய ராஜா முகம்மது!

வெளியே காத்திருந்த நோயாளிகளிடமே ஆரம்பித்துவிட்டார். ஈறு என்றால் என்ன, காரை என்றால் என்ன, மாவும் சர்க்கரையும் எந்த வழியாகப் போய் எங்கே ஒட்டும், ரத்தம் வந்தால் ஏன் பிரஷ்ஷை நிறுத்தக்கூடாது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொன்னதையெல்லாம் தாமே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். டாக்டர் செல்வமணி தம் அறிவுரைப்படி சிகிச்சை செய்ததாகவும், நல்ல பையன், சொன்னால் புரிந்துகொள்கிறான் என்றும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏஜென்சியும் நடந்தது, பிரசங்கமும் நடந்தது. வேனிலிருந்து கிரீம் பிஸ்கட் பெட்டியை இறக்குவார். இறக்கிய கையோடு கடைக்காரரின் உதட்டைத் தூக்கச் சொல்லி ஈறு பார்ப்பார். புகார் கோயம்புத்தூர் போய், மானேஜர் போனில் கூப்பிட்டுக் கேட்டார். ஏஜென்சியைத் திருப்பித் தரட்டுமா என்று இவர் கேட்டதும் மானேஜர் உடம்பு சௌகரியத்தை விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் இவர் அளவுக்குச் சரக்குத் தள்ள வேறு ஆள் ஏது?

இரண்டாயிரத்து ஒன்பதிலோ பத்திலோ ஒரு சாயங்காலம். மாயக்காள் கடையில் ஒருவர் பேரனுக்காக ஜெல்லி மிட்டாய்ச் சரத்தைக் கையில் எடுத்துவிட்டார். ராஜா முகம்மது விடவில்லை.

"அண்ணே, வாங்குறது வாங்குறீக. சோறு தின்ன கையோட குடுங்க. நடுவுல நடுவுல குடுக்காதீக. தின்ன உடனே வாயக் கொப்புளிக்கச் சொல்லுங்க. ராத்திரி பல்லு வெளக்காம படுக்க விட்டீகன்னா, அப்புறம் நம்மளப் பாத்துக்கங்க." சொல்லிவிட்டு உதட்டை இழுத்து ஓட்டையைக் காட்டினார்.

வந்தவர் ஓட்டையைப் பார்த்தார், மிட்டாயைப் பார்த்தார், சரத்தை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

மாயக்காளுக்கு வந்ததே கோபம். "ஏ பாய்! சரக்க இறக்குறதும் நீங்க, வாங்க வந்த ஆள வெரட்டுறதும் நீங்களா? எனக்கு யாவாரம் ஓட வேணாமா?"

"போகட்டும் மாயக்கா" என்றார் ராஜா முகம்மது, அடுத்த பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே. "அந்தப் பேரப் பயலுக்குப் பல்லு இருந்தாத்தான நாளப்பின்ன நம்மகிட்ட பிஸ்கட்டு வாங்க வருவான்? யாவாரம்னா நாலையும் யோசிக்கணும். தள்ளு, தள்ளு, இத எங்கன அடுக்க?"